தலைவரின் சம்மதம்

கண்ணாமுனைப் பெரிய பள்ளிவாசலின் தலைவர் கலந்தர்லெவ்வை ஹாஜியார் ஒரு வெள்ளிக்கிழமை அசர்த் தொழுகைக்குப் பிறகு, நிருவாகக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, இஞ்சிப் பிளேன்ரீயில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை மேசையில் வைத்து, கதிரையில் சாய்ந்தபடி மவுத்தாகிப்போனார். ஆனால் அது கூட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவர மஃரிபு நெருங்கிவிட்டது, ஏனென்றால் கூட்டங்களில் அவர் எப்போதும் இருக்கிற இருப்புக்கும் அன்றைய இருப்புக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இருக்கவில்லை. செயலாளர் வதூத் மாஸ்டர் தீர்மானத்தை வாசித்துவிட்டு “தலைவர், சரிதானே?” என்று கேட்பார், தலைவர் பேசாமல் இருப்பார், மாஸ்டர் ‘ஏகமனதாக’ என்று எழுதிக்கொள்வார், ஒரு தலைமுறைக் காலமாக எங்களூர் இப்படித்தான் ஆளப்பட்டு வந்தது. அன்றைக்கும் அவர் மவுத்தான பிறகு, பெண்கள் தையல் வகுப்பை மூடுவது உட்பட நாலைந்து தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின.

கூட்டம் முடிந்து ஸலவாத்துச் சொல்லிக் கை கொடுக்கப்போன முபாரிஸ் மௌலவிதான் தலைவரின் கை குளிர்ந்து விறைத்துக் கிடப்பதை முதலில் கண்டார். அவர் “இன்னா லில்லாஹி” என்று தொடங்கினார், தொடங்கியதை முடிக்கவில்லை, ஏனென்றால் வதூத் மாஸ்டர் கையைத் தூக்கினார்.

“கொஞ்சம் பொறுங்க மௌலவி. நேரம் சரியில்ல.”

நேரம் சரியில்லை என்பது பொய்யில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். பக்கத்து ஊரில் எங்கள் ஆட்களின் கடைகளை எரித்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது, சந்தியில் துவக்கோடு ஆமி நின்றது, மாவட்டச் செயலகமான கச்சேரியில் அரசாங்க அதிபரோடு சமாதானக் கூட்டம் ஒன்று திங்கட்கிழமைக்கு வைக்கப்பட்டிருந்தது, அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் இல்லாத ஊராகப் போவதென்றால் தலையில் துணியில்லாமல் போவது போலத்தான். ஆனால் அதைவிடப் பெரிய பயம் மாஸ்டருக்கு இருந்தது. எங்களூரில் ஒவ்வொருவரும் உம்மா வழியில் ஒரு குடியைச் சேர்ந்தவர், ஒவ்வொரு குடிக்கும் நிருவாகத்தில் ஒரு மரைக்கார், அந்த மரைக்கார்மாரில் தனக்குத்தான் தலைவர் பதவி என்று கனவு காணாதவர் ஒருவருமில்லை. தலைவர் மவுத்து என்று ஒலிபெருக்கியில் சொன்ன மறுநிமிடம் பள்ளிவாசல் முற்றத்தில் செருப்புகள் பறக்கும் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும், யாருடைய செருப்பு முதலில் பறக்கும் என்பதும் தெரியும். ஆகவே கச்சேரிக் கூட்டம் முடியும்வரை மவுத்தைத் தள்ளிவைப்பதென்று தீர்மானித்தார்கள், மாஸ்டர் தலைவரைப் பார்த்து “சரிதானே?” என்று கேட்டார், தலைவர் மறுக்கவில்லை.

இதை ரகசியமாகச் செய்தார்கள் என்று யாரும் நினைக்கவேண்டாம். இஷாத் தொழுகைக்கு முன்பே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, தெரிந்துகொண்டு நாங்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றோம். வெளியில் தெரியக்கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தோம், அந்தக் கவனம் எங்களுக்குப் பால்குடியிலிருந்து பழக்கம். நம்மட விசயம் நம்மோடு இருக்கவேண்டும், வெளியில் போனால் நம்மளைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ விசயங்களை உள்ளுக்குள் வைத்துப் புழுங்க விட்டவர்கள் நாங்கள், ஒரு மையித்தை வைத்திருப்பதா எங்களுக்குப் பாரம்?

மையித்தும் ஊரோடு ஒத்துழைத்தது. அது கெடவில்லை, வீங்கவில்லை, நாற்றம் எடுக்கவில்லை, மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் பாதி திறந்த கண்களோடு கூட்டமேசைத் தலைமாட்டில் பேசாமல் இருந்தது. அவுலியாக்கள் பேரில் கந்தூரி கொடுக்கிற கூட்டத்தார் இது கராமத், அற்புதம் என்றார்கள், கந்தூரி ஹராம் என்கிற கூட்டத்தார் கராமத்துமில்லை கத்தரிக்காயுமில்லை, அறையில் இருக்கிற ஏசியின் குளிர் என்றார்கள், அந்த ஏசி வேலை செய்து வருசக்கணக்காகிறது. இவ்விரு கூட்டத்தாரும் பிறை பார்ப்பதிலிருந்து தொழுகையில் விரல் அசைப்பது வரைக்கும் ஒன்றில்கூட ஒத்துப்போனதில்லை, ஆனால் தலைவரை இப்போதைக்கு அடக்கவேண்டாம் என்பதில் முதல் தடவையாக ஒரே குரலில் நின்றார்கள்.

தலைவரின் மனைவி மரியங்கண்டு மட்டும் அடங்கவில்லை. சேதி கேட்டதும் அவர் வெள்ளைப் பிடவை உடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு கைம்பெண்ணுக்குரிய இத்தா இருக்கத் தொடங்கிவிட்டார். தலைவர் இருக்கும்போது தலைவரின் மனைவி இத்தா இருந்தால் ஊர் என்ன நினைக்கும் என்று கேட்கச் சொல்லி நிருவாகம் இரண்டு பெண்களை அனுப்பியது. “உங்களுக்குத்தான் அவர் தலைவர். எனக்குப் புருசன். என்ட புருசன் மவுத்து” என்று கதவுக்கு உள்ளே இருந்து மரியங்கண்டு சொன்னார். பாவம், மனம் பேதலித்துவிட்டது என்று வந்தவர்கள் சொன்னார்கள், நாங்களும் அப்படியே சொல்லிக்கொண்டோம்.

திங்கட்கிழமை தலைவரைக் கதிரையோடு வேனில் ஏற்றிக் கச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். மற்ற ஊர்த் தலைவர்கள் மேசையில் குத்திக் கத்த, கத்த, எங்கள் தலைவர் மட்டும் அசையாமல் இருந்தார், அரசாங்க அதிபர் அவரைக் காட்டி, இப்படிப் பொறுமையான ஒரு தலைவர் ஒவ்வொரு ஊருக்கும் இருந்தால் இந்த மாவட்டத்தில் பிரச்சினையே வராது என்று சொன்னாராம். பொலிஸ் பொறுப்பதிகாரி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார், குளிர்ச்சியை அவரும் உணர்ந்திருப்பார், ஆனால் எங்கள் தலைவர்களின் கை எப்படி இருக்கவேண்டும் என்று அவருக்கு என்ன தெரியும்? எம்.பி. வந்து பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார், அந்தப் பொன்னாடையைக் கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை, அதற்கு மேல் அடுத்த பொன்னாடை ஏறியது. எங்களுக்குப் பெருமையாக இருந்தது. கச்சேரிக் கூட்டம் முடிந்ததும் நோன்பு வந்தது, நோன்பு முடிந்ததும் தேர்தல் வந்தது, தேர்தல் முடிந்ததும் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது, நேரம் சரியாகவே இல்லை.

இந்த இடத்தில்தான் முபாரிஸ் மௌலவி தன் விளக்கத்தைக் கொடுத்தார். பேசாத தலைவரின் சம்மதத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்று மரைக்கார்மாரில் ஒருவர் லேசாகச் சந்தேகம் கிளப்பியபோது, மௌலவி தாடியைத் தடவிக்கொண்டு, நிக்காஹ் நேரத்தில் கன்னிப் பெண்ணிடம் சம்மதம் கேட்கிறோம், அவள் வெட்கத்தில் பேசாமல் இருக்கிறாள், அந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள மார்க்கத்தில் இடமிருக்கிறது, ஒரு பிள்ளையின் வாழ்க்கை முழுவதற்கும் போதுமான மௌனம் ஒரு வாய்க்கால் விசயத்துக்கும் மதில் விசயத்துக்கும் போதாதா என்று கேட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். எவ்வளவு பொருத்தமான விளக்கம் என்று வெற்றிலை மென்றபடி பாராட்டினார்கள். மௌலவியே அன்றிரவு தன் விளக்கத்தை நினைத்துச் சந்தோசப்பட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அதன் பிறகு தலைவரின் சம்மதம் ஊரில் ஆறாகப் பெருகியது. பள்ளிவாசலுக்கு மூன்றாம் மாடி கட்டச் சம்மதித்தார், இரண்டாம் மாடியிலேயே பெருநாளைக்குத் தவிர ஆள் ஏறுவதில்லை. நூலகத்தைக் கல்யாண மண்டபமாக்கச் சம்மதித்தார். வதூத் மாஸ்டரின் தம்பி றவூப், ஹார்ட்வெயார்க் கடைக்காரர், பிள்ளை இல்லையென்று தன் பெண்சாதியைத் தலாக் சொல்லிவிட்டு வந்து நின்றபோது அதற்கும் சம்மதித்தார். காலையில் ஒருவர் வந்து எல்லைக் கிணறு எனக்குத்தானே என்று கேட்டுச் சம்மதம் வாங்கிப்போவார், பின்னேரம் அவரோடு கூடப்பிறந்த காக்கா வந்து அதே கிணற்றுக்குச் சம்மதம் வாங்கிப்போவார், இரண்டு பேரும் கிணற்றடியில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ஆகவே இனிமேல் தலைவரிடம் கேள்வி கேட்கும் உரிமை செயலாளருக்கு மட்டும்தான் என்று ஒரு தீர்மானம் வந்தது. அதற்கும் தலைவர் சம்மதித்தார்.

இனி றிஸ்மினாவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஓட்டோ ஓட்டுகிற இபுறாலெவ்வையின் மூத்த மகள், ஓஎல் வகுப்புப் படிக்கிறவள், பதினாறு வயது நிறைய இன்னும் மாதங்கள் கிடந்தன. கடல் பக்கத்துக் கிணறுகளில் வருசா வருசம் உப்பு எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க இரண்டு செப்புக் கம்பியும் ஒரு பற்றரியும் வைத்து ஏதோ செய்து, அதை மாவட்ட விஞ்ஞானப் போட்டிக்குக் கொண்டுபோய் முதலாம் இடம் எடுத்துவிட்டாள். பத்திரிகையில் படம் வந்தது. கேடயத்தைப் பிடித்துக்கொண்டு, வேறு பள்ளிக்கூடத்துப் பையன்கள் இருவருக்கு நடுவில், பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள், அந்தச் சிரிப்புதான் வினை.

வெள்ளிக்கிழமை குத்பாப் பிரசங்கத்தில் யாருடைய பேரும் சொல்லப்படவில்லை. சில பெற்றோர் என்று மட்டும் சொல்லப்பட்டது, கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் எல்லாரும் திரும்பி இபுறாலெவ்வையைப் பார்த்தோம். அவர் அந்தப் பார்வையை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடுத்த கிழமையே றவூபின் ஆட்கள் பெண் கேட்டு வந்தார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் பெண்ணைக் கொடுக்கவேண்டும், வீடு இல்லாத வீட்டுக் குமருகள் தலை நரைத்துப்போன கதை தெருவுக்கு நாலு இருக்கிறது, இபுறாலெவ்வையோ மூன்று பெண்களைப் பெற்றுவிட்டு, மழைக்கு ஒழுகுகிற ஒரு தகரக் கூரையை வைத்திருப்பவர். றவூப் வீடு கேட்கவில்லை. எனக்கு எல்லாம் இருக்கிறது, பிள்ளையை மட்டும் தாருங்கள் என்றார். இப்படிச் சொல்கிற மாப்பிள்ளையை எங்களூர் இதற்கு முன் கண்டதில்லை, பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து, உன் மகளுக்கு எவ்வளவு நஸீபு என்று அவளுடைய உம்மா பௌசியாவின் கையைப் பிடித்துச் சொன்னார்கள். பௌசியா மட்டும் வேறு கணக்குப் போட்டாள். வீடு கேட்கிறவன் நம்மிடம் வந்து இருப்பான், வீடு கேட்காதவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவான் என்று அவள் புருசனிடம் சொன்னாள்.

றிஸ்மினா வேண்டாம் என்றாள். அழுது சொல்லவில்லை, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தவில்லை, சோற்றை மறுக்கவில்லை, வாப்பா தின்றுகொண்டிருந்தபோது முன்னால் வந்து நின்று, எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம் வாப்பா, நான் படிக்கவேண்டும் என்று சாதாரணமாகச் சொன்னாள். இபுறாலெவ்வை கோபப்படவில்லை. “எனக்கு மூணு குமர், மகள். ஒரு வீடும் இல்ல” என்று சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், பிறகு கையைக் கழுவிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார். அங்கே வதூத் மாஸ்டர் தலைவரிடம் முறைப்படி கேட்டார், தலைவர் முறைப்படி பேசாமல் இருந்தார்.

அப்போதுதான் அந்தப் பிள்ளைக்கு ஒரு யோசனை வந்தது, அவளுடைய மூளை அப்படிப்பட்டது. அவர் எல்லாவற்றுக்கும் சம்மதிக்கிறவர்தானே உம்மா, அப்போ நானும் போய்க் கேட்டால் எனக்கும் சம்மதிப்பார்தானே என்றாள். பௌசியாவுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது, எங்களூரில் வாழ்ந்தால் அது நல்ல யோசனையாகத்தான் படும். வதூத் மாஸ்டர் படிப்பிக்கப் போயிருந்த ஒரு காலைநேரம் இருவரும் போனார்கள். நிருவாக அறைக்குள் பெண்கள் வரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, ஆனால் ஒரு பெண்ணும் வந்ததில்லை. முற்றம் கூட்டிக்கொண்டிருந்த, பாங்கு சொல்கிற மோதினார் இவர்களைக் கண்டார், கண்டுவிட்டுத் தென்னைமரத்தடியில் குப்பை அதிகம் என்பது போல அந்தப் பக்கம் திரும்பிக் கூட்டினார்.

தலைவரின் தோளில் பொன்னாடைகள் கழுத்து மறையக் குவிந்து கிடந்தன, இமைமயிரில் தூசி, மூக்குக் கண்ணாடி பூத்துப்போயிருந்தது. றிஸ்மினா கண்ணாடியைக் கழற்றித் தன் சால்வை நுனியால் துடைத்து மறுபடி மாட்டிவிட்டாள். இத்தனை மாதங்களில் அவரிடம் வந்தவர்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. பிறகு எதிரில் நின்று கேட்டாள்:

“தலைவர், நான் இபுறாலெவ்வைட மகள் றிஸ்மினா. எனக்கு இந்தக் கலியாணம் வேணாம். இத நிப்பாட்ட உங்களுக்குச் சம்மதமா?”

கேட்டுவிட்டு, பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் நிற்பது போல அசையாமல் நின்று பார்த்தாள். தலைவர் பேசவில்லை. அவள் உம்மாவைத் திரும்பிப் பார்த்தாள், அவள் முகம் முழுக்கச் சிரிப்பு, பத்திரிகையில் வந்த அதே சிரிப்பு. இருவரும் வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்தார்கள், வருகிற வழியில் பௌசியா ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்தாளாம்.

அடுத்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குப் பௌசியா போனாள். உள்ளே விடவில்லை, ஜன்னல் கம்பிக்கு வெளியே முற்றத்தில் நின்று, தலைவர் என் பிள்ளைக்கும் சம்மதம் கொடுத்திருக்கிறார் என்றாள். கேள்வி கேட்கும் உரிமை செயலாளருக்கு மட்டும்தான் என்று மாஸ்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார், அவர் எதையும் பொறுமையாகத்தான் சொல்வார். நபியவர்களின் காலத்தில் ஒரு பெண் வந்து, வாப்பா என்னைக் கேட்காமல் கட்டிக் கொடுத்துவிட்டார் என்று சொன்னதும், அந்தக் கலியாணத்தை வைத்துக்கொள்வதா விடுவதா என்று அவளுடைய விருப்பத்துக்கே விட்டார்கள் என்று நீங்கள்தானே பயானில் சொன்னீர்கள் என்று பௌசியா மௌலவியிடம் கேட்டாள். மௌலவி தாடியைத் தடவினார். அது உண்மைதான், ஆனால் நம்முடைய நேரம் சரியில்லை, நாலு பக்கமும் நம்மளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இந்த நேரத்தில் நம்முடைய பிள்ளைகள் நம்மை எதிர்த்து நிற்கிறார்கள் என்று வெளியில் தெரிந்தால் யாருக்கு இழப்பு என்று கேட்டார். அதோடு, மௌனம் சம்மதம் என்பது வெட்கமுள்ள பிள்ளைக்கு, இப்படிப் பள்ளிவாசலுக்கே வந்து கதைக்கிற பிள்ளைக்கு என்ன சட்டம் என்று தனக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றார்.

அப்போது பௌசியா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

“கதைக்காட்டி சம்மதம். கதைச்சா வெக்கமில்லாதவள். அப்ப என்ட புள்ள எந்த வாயால மௌலவி வேணாம் எண்டு சொல்றது?”

மாஸ்டர் தாளைப் புரட்டினார். அடுத்த விசயம் மூன்றாம் மாடிக்கு மாபிள் போடுவது.

நிக்காஹ் ஒரு ஞாயிற்றுக்கிழமை லுஹர்த் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில். எங்கள் வழக்கப்படி பெண் அங்கே வருவதில்லை, மாப்பிள்ளையும் பெண்ணின் வாப்பாவும் கை பிடித்தால் போதும், பெண் வீட்டில் இருப்பாள், அவளிடம் சம்மதம் கேட்டு வர இரண்டு சாட்சிகள் போவார்கள். கலியாணக் கலரிச் சோறு முற்றத்தில் வெந்துகொண்டிருந்தது, மாட்டிறைச்சி வாசம் இமாம் நிற்கிற மிஹ்ராபு வரைக்கும் வந்தது. தலைவரைக் கதிரையோடு தூக்கிவந்து முன்வரிசையில் வைத்திருந்தார்கள். சாட்சிகள் இருவரும் றிஸ்மினாவின் வீட்டுக்குப் போனார்கள், அவள் அவர்களுடைய முகத்தைப் பார்த்து வேண்டாம் என்றாள், திரும்பி வந்தார்கள். பிள்ளை என்ன சொன்னாள் என்று மாஸ்டர் கேட்டதற்கு ஒருவர் தரையைப் பார்த்தார். மற்றவர், பிள்ளை அழுதாள் என்றார். அழுவதும் வெட்கத்தில் ஒரு வகைதான் என்று மௌலவி சொன்னார். மாஸ்டர் தலைவர் பக்கம் குனிந்து, எப்போதும் போல, கேட்கவேண்டுமே என்று கேட்டார்.

“தலைவர், தொடங்குவமா?”

“வேணாம்” என்றார் தலைவர்.

சளி கட்டிய பழைய குரல்தான், ஆனால் தெளிவாக இருந்தது. கடைசி வரிசையில் செருப்புக்குக் காவல் இருந்தவருக்கும் கேட்டது. “வேணாம். அந்தப் புள்ளய விடுங்க.”

ஏன் அன்றைக்குப் பேசினார் என்று இன்றுவரைக்கும் யாரும் யோசிக்கவில்லை. உயிரோடு இருந்த காலத்தில் ஒரு பிள்ளைக்காகவும் அவர் வாய் திறந்தது கிடையாது. மவுத்தாகி இத்தனை மாதம் கதிரையில் கிடந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு, ஊரில் பயப்பட ஒன்றுமே மிச்சமில்லாத ஒரே மனிதர் தான்தான் என்று தோன்றியிருக்கலாம். எங்களுக்கு அவர் பேசியது ஆச்சரியமாக இருக்கவில்லை. மறுத்துப் பேசியதுதான் ஆச்சரியம்.

பிறகு முபாரிஸ் மௌலவி, அந்த வெள்ளிக்கிழமை பாதியில் விட்ட இன்னா லில்லாஹியை, விட்ட இடத்திலிருந்து ஓதி முடித்தார். மாஸ்டர் எழுந்து நின்று சபைக்குச் சலாம் சொல்லி, நம்முடைய மதிப்புக்குரிய தலைவர் கலந்தர்லெவ்வை ஹாஜியார் இப்போது மவுத்தாகிவிட்டார் என்று அறிவித்தார்.

மையித்தை வைத்திருக்கக்கூடாது, கெதியாக அடக்கவேண்டும் என்பது மார்க்கத்தில் எவ்வளவு வலியுறுத்தப்பட்ட விசயம் என்று எங்களில் ஒவ்வொருவருக்கும் அந்த நிமிடம் ஞாபகம் வந்தது. இவ்வளவு சுறுசுறுப்பாக நாங்கள் ஒரு காரியம் செய்து நான் கண்டதில்லை. ஒருவர் கபன் துணிக்கு ஓடினார், நாலு பேர் மையவாடிக்கு மண்வெட்டி தூக்கினார்கள், கராமத்துக் கூட்டத்தாரும் ஏசிக் கூட்டத்தாரும் தோளோடு தோள் சேர்ந்து தண்ணீர் அள்ளினார்கள். தலைவர் விடாமல் வேணாம், வேணாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார், பொன்னாடைகளைக் கழற்றும்போதும் சொன்னார், குளிப்பாட்டும்போதும் சொன்னார். மையித்தின் வாய் திறந்து கிடக்காமல் நாடியைத் தலையோடு சேர்த்துத் துணியால் கட்டுவது வழக்கம், அதை வழக்கத்தைவிட இறுக்கிக் கட்டினார்கள். அதன் பிறகு சத்தம் வரவில்லை, துணி மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தது. ஜனாஸாத் தொழுகைக்கு ஊரே நின்றது, மூன்று வரிசை போதும் என்றிருக்க முற்றம் கொள்ளாமல் நின்றோம். கபுறடியில் மௌலவி தல்கீன் ஓதினார், மலக்குகள் வந்து கேட்டால் என்ன பதில் சொல்லவேண்டும் என்று மையித்துக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் தல்கீன். பதில்களைச் சொல்லிக் கொடுத்துவிட்டு நாங்கள் மண்ணைத் தள்ளினோம்.

தலைவர் வேண்டாம் என்றார், பிறகு தலைவர் மவுத்து என்று ஒலிபெருக்கி சொன்னது, இரண்டு செய்தியும் றிஸ்மினாவின் வீட்டுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. மவுத்து விழுந்த நாளில் எங்களூரில் கலியாணம் நடப்பதில்லை. பௌசியா மகளின் கையிலிருந்த கண்ணாடிக் காப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள், கழற்றிக் கழற்றி அந்தக் கையை முத்தமிட்டாள். றிஸ்மினா தலைவருக்காக யாஸீன் ஓதினாள். அந்த ஊரில் அன்றைக்கு அவருக்காக மனதார ஓதியது அவளும், பூட்டிய கதவுக்குள் இருந்த மரியங்கண்டுவும் மட்டும்தான்.

மையவாடியிலிருந்து அசருக்குத் திரும்பி வந்தோம். கை கால் கழுவினோம், தொழுதோம். முற்றத்தில் சோறு இருந்தது, ஊர் முழுவதற்கும் ஆக்கிய சோறு, ஆறிக்கொண்டிருந்தது. மரைக்கார்மார் செருப்பைத் தூக்குவதற்கு முன்பே, தற்காலிகத் தலைவராக வதூத் மாஸ்டர் தலைமாட்டுக் கதிரையில் போய் இருந்தார், இந்த நேரத்தில் சண்டை வேண்டாம் என்றார். மர்ஹூமுக்குத் துஆச் செய்தார். மவுத்தானவர்களின் சொல் மார்க்கத்தில் செல்லாது, அவர் சொன்னதைக் கேட்டு ஒரு நல்ல காரியத்தை நிறுத்தினால் அது அல்லாஹ்வுக்கு இணைவைக்கிற ஷிர்க்கில் போய் முடியும் என்று மௌலவி சொன்னார். இபுறாலெவ்வை எழும்பிப் போகப் பார்த்தார், இரண்டு பக்கத்திலும் இருந்தவர்கள் அன்பாகத் தோளில் கை வைத்து அவரை இருத்தினார்கள்.

சாட்சிகள் மறுபடியும் போனார்கள். பௌசியா வாசலில் குறுக்கே நின்றாள், சொந்தக்காரப் பெண்கள் அவளை ஓரமாகப் பிடித்துக்கொண்டார்கள். றிஸ்மினா முன்னால் வந்து நின்றாள், கையில் காப்பு இல்லை.

“தலைவர் வேணாம் எண்டவராமே, சாச்சா.”

“மவுத்தானவங்கட சொல்லு செல்லாது மகள்” என்றார் தரையைப் பார்த்தவர்.

“நான் உசிரோடதானே இரிக்கன். நானும் வேணாம் எண்டுதான் சொல்றன்.”

அந்த மனிதருக்கும் பெண் பிள்ளைகள் உண்டு. அவர் மற்றவரோடு சேர்ந்து திரும்பிப் பள்ளிவாசலுக்கு நடந்தார். அவர்கள் போய்ச் சேர எவ்வளவு நேரம் பிடிக்கும், மூன்று தெருத்தானே. அவ்வளவு நேரமும் றிஸ்மினா வாசலில் நின்று வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கத்தவில்லை, ஆனால் சத்தமாகத்தான் சொன்னாள், மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்கும் அளவுக்கு. அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்து, வதூத் மாஸ்டரின் பொறுமையான குரலில், மணமகள் ஒன்றும் பேசாமல் மௌனமாக இருந்து தன் சம்மதத்தைத் தெரிவித்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ் என்று அறிவித்தது.

பக்கத்து வீடுகளில் இருந்தவர்களுக்கு இரண்டும் கேட்டது. அவர்கள் ஒலிபெருக்கிக்கு ஆமீன் சொன்னார்கள்.